உப்பு படாத அலமாரி

என் வீட்டில் உப்பு குசினியைத் தாண்டி வரக்கூடாது. அது சட்டம். வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருந்த மேல்மாடி அனெக்ஸில் இருந்ததே இரண்டு அறை. முன்னறையில் என் ஜெல் வேலை. பின்னறையில் சமையல், சாப்பாடு, படுக்கை எல்லாம். சாப்பிட்ட கையோடு யாராவது முன்னறைக்குள் கால் வைத்தால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். கழுவினேன் என்று சொன்னாலும் விடமாட்டேன், திரும்பக் கழுவ அனுப்புவேன். வீட்டுக்காரி என்னை விசரி என்று கீழே பேசிக்கொள்வது எனக்குக் கேட்கும். கேட்கட்டும் என்றுதானே பேசினாள்.

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்து விஞ்ஞான ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தவள் நான். தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்தபோது நானும் பெட்டியைக் கட்டி, எங்கெங்கோ அலைந்து கொழும்புக்கு வந்து சேர்ந்தேன். கலியாணம் வாய்க்கவில்லை, அதைப் பற்றி நான் யாரிடமும் கதைப்பதில்லை. கையில் இருந்த ஒரே சொத்து, சாமான்களைச் சரியாகக் கலக்கத் தெரிந்த அறிவு. அதை வைத்து முகத்துக்குப் பூசும் ஜெல் செய்து, அழகுக் கடைகளுக்குக் கொடுத்தேன்.

ஜெல் செய்வது பெரிய வித்தையில்லை. புறக்கோட்டையில் இரசாயனப் பொருள் விற்கிற கடையில் ஜெல் பவுடர் என்று வெள்ளையாக ஒரு தூள் கிடைக்கும். பஞ்சு மாதிரி லேசு, ஊதினால் பறக்கும். அதைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் மெல்லத் தூவி ஊறவிட்டால் பால் மாதிரிக் கலங்கி நிற்கும். பிறகு காரக் கரைசலில் சில துளி விட்டுக் கிண்டினால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கலங்கல் தெளிந்து இறுகிவிடும். கடைசியில் கொஞ்சம் கிளிசரின், கொஞ்சம் பன்னீர். கற்றாழை போடு என்று எல்லாரும் சொல்வார்கள். பச்சைக் கற்றாழையில் இருக்கிற உப்புச்சத்தே ஜெல்லை இளக்கிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

செய்தபிறகு காப்பாற்றுவதுதான் வேலை. ஜெல்லுக்கு ஆகாத சாமான் நிறைய உண்டு. உப்புப் பட்டால் தண்ணீராய்ப் போகும். தேசிக்காய்ப் புளி பட்டாலும் அதே கதிதான். தலைமயிருக்குப் போடும் கிரீமில் சேர்க்கிற மெழுகு பட்டாலோ தயிர் மாதிரித் திரண்டுவிடும். அதனால் ஜெல் சாமான் மரஅலமாரிக்குள், தலைமயிர்க் கிரீம் சாமான் எதிர்ச்சுவரோரம் ஒரு தகரப் பெட்டிக்குள். ஒன்றைத் தொட்ட நாளில் மற்றதைத் தொடமாட்டேன். கிரீமுக்குக் கேள்வி குறைந்தபிறகு அந்தப் பெட்டியைத் திறக்கிற வேலையே இருக்கவில்லை. காலியான பவுடர் டின்களைக் கழுவிக் காயவைத்து அதற்குள் போட்டு மூடியிருந்தேன்.

என் ஜெல்லை முதலில் வாங்கியது கொட்டாஞ்சேனையில் அழகுக் கடை வைத்திருந்த மாக்ரெட் அக்கா. மணப்பெண் அலங்காரத்துக்கு அந்தப் பக்கம் அவளை விட்டால் ஆளில்லை. கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவள், சிங்களம் தண்ணீர் மாதிரிப் பேசுவாள். வடக்கிலிருந்து வந்தவள் என்றதும் மற்றக் கடைக்காரிகள் என் அடையாள அட்டையைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. மாக்ரெட் அக்கா போத்தலைத்தான் பார்த்தாள். விரலில் எடுத்துக் கன்னத்தில் தடவி, "நல்லா இருக்கு, ரெண்டு கொண்டா" என்றாள்.

ஒருமுறை அவளும் என்னிடம் ஏச்சு வாங்கிக் கட்டினாள். மணப்பெண் ஒருத்திக்குப் பூசிக்கொண்டிருக்கும்போது ஜெல் தண்ணீராகி முகத்திலிருந்து கழுத்துக்கு வழிந்துவிட்டதாம். போத்தலைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்து சண்டை பிடித்தாள். நான் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது.

"இதுக்குள்ளை என்ன விட்டனீங்கள்?"

"நான் என்னத்த விடப் போறேன்?"

"மாக்ரெட் அக்கா."

அவள் சேலைத் தலைப்பை விரலில் சுருட்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "கல்யாணப் பொண்ணுக்குப் பூசறது. மாதா கோயில் தீர்த்தம் கொஞ்சம் விட்டேன். எல்லாப் போத்தலுக்கும் விடுறதுதான். இந்தத் தடவை கொஞ்சம் கூடிருச்சு."

தீர்த்தத்தில் சாமியார் மந்திரித்த உப்புப் போடுவார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கடவுளின் உப்பும் உப்புத்தான், ஜெல்லுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது என்று சொல்லி ஏசினேன். அவள் முதலில் முறைத்தாள், பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். இனிமேல் போத்தலுக்கு வெளியே தெளிக்கிறேன் என்று சமாதானத்துக்கு வந்தாள். அதன்பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் ஒளிப்பு மறைப்பு இருந்ததில்லை. அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

என் தம்பி சிவமணி வவுனியாவிலிருந்து பயண அனுமதிப் பாஸ் எடுத்துக்கொண்டு வந்தது தொண்ணூற்றெட்டில். எனக்கும் அவனுக்கும் பதினான்கு வயது வித்தியாசம். அம்மா நோயில் விழுந்தபிறகு அவனைக் குளிப்பாட்டிச் சோறு தீத்தி வளர்த்தவள் நான். பொலிஸ் பதிவுக்கு நானே கூட்டிக்கொண்டு போய், இவனுக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்து வைத்தேன். வெளிநாடு போகும்வரைக்கும் இங்கே இருக்கட்டும் என்பது ஏற்பாடு.

என் சட்டத்துக்கு அவனைப்போல் அடங்கி நடந்தவர் யாருமில்லை. சொல்லாமலே கை கழுவிவிட்டு வருவான். வடித்த தண்ணீர்க் கலனைத் தூக்கிக்கொண்டு படியேறி வருவான். அலமாரி எது, பெட்டி எது, எதற்கு எது ஆகாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டான். எனக்கென்றால் தலைகால் புரியாத சந்தோசம். எங்கள் ஒழுங்கை முழுக்க என் தம்பி புராணம்தான் பாடிக்கொண்டு திரிந்தேன். வெட்கக்கேடு.

ஒரு விடியற்காலை எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். அது அந்தக் காலத்தில் புதினமில்லை. எங்காவது ஏதாவது வெடித்தால் வெள்ளவத்தைக்காரர் அடையாள அட்டையைத் தேடி எடுத்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுப்போம். பொலிஸ்காரர் முன்னறைக்குள் சப்பாத்தோடு வந்தார்கள். அலமாரியைத் திறந்தார்கள், பெட்டியைத் திறந்தார்கள். வெள்ளைத் தூள் டின்களைக் கண்டதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெல், முகத்துக்குப் பூசுறது என்று எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சொல்லிப் பார்த்தேன். டின்களையும் எடுத்து, தம்பியையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் பஸ் பிடித்துக் கொட்டாஞ்சேனைக்கு ஓடினேன். மாக்ரெட் அக்கா ஒரு பிள்ளைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். விசயத்தைச் சொன்னதும் சீப்பைக் கீழே வைத்தாள். கணவர் ஒஸ்வால்ட் உள்ளேயிருந்து, "மாக்ரெட், இந்த நேரத்தில இதெல்லாம் உனக்குத் தேவையா" என்றார்.

"அவ பவுடர் என்னான்னு என்னை விட யாருக்குத் தெரியும்? நான் போகாம யாரு போறது?" என்று கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டினாள். கடை உரிமப் பத்திரத்தையும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பொலிஸ் நிலையத்துப் பொறுப்பதிகாரி வயதான மனிதர், மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்ப்பவர். அவர் கத்தவில்லை. தூளைப் பரிசோதனைக்கு அனுப்புவேன், பதில் வர மாதக்கணக்காகும், அதுவரைக்கும் பெடியன் தடுப்பு முகாமில் இருப்பான் என்று சாதாரணமாகச் சொன்னார். தடுப்பு முகாமுக்குப் போனவர்கள் எப்படித் திரும்பி வந்தார்கள், எத்தனை பேர் திரும்பவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் வாங்கில் தம்பி குனிந்தபடி உட்கார்ந்திருந்தான்.

மாக்ரெட் அக்காதான் முன்னுக்கு நின்றாள். உரிமத்தைக் காட்டினாள், கடையின் பெயரைச் சொன்னாள். பிறகு சிங்களத்தில், "சேர், சந்தேகம்னா இங்கயே செஞ்சு காட்டச் சொல்லுங்க. உங்க மேசையில, உங்க கண்ணுக்கு முன்னால. தூள் ஜெல்லா மாறினா அது பூசறது, மாறலைன்னா நீங்க எங்க வேணும்னாலும் அனுப்புங்க" என்றாள்.

அதிகாரிக்கு அது பிடித்துவிட்டது. "ஹரி நோனா, செய்யட்டும்" என்று மாக்ரெட் அக்காவுக்குச் சரி சொன்னார்.

தூள் என்னவென்று காட்ட வேண்டி வரலாம் என்று, வீட்டிலிருந்து கிளம்பும்போதே காரக் கரைசலும் வடித்த தண்ணீரும் கைப்பையில் எடுத்து வைத்திருந்தேன். கண்ணாடிக் கோப்பை இரண்டு கேட்டேன், தேத்தண்ணி குடிக்கிற கோப்பை கொடுத்தார்கள். மேசையில் இருந்த டின் ஒன்றை அவரே எடுத்துத் தந்தார். தூவினேன், ஊறவிட்டேன், துளி விட்டுக் கிண்டினேன். கலங்கல் தெளிந்து இறுகியது. கோப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தேன், ஒரு சொட்டு விழவில்லை. இரண்டு பொலிஸ்காரர் கிட்ட வந்து எட்டிப் பார்த்தார்கள். மாக்ரெட் அக்கா அதில் ஒரு விரல் எடுத்து அதிகாரியின் புறங்கையில் தடவிவிட்டாள். அவர் மோந்து பார்த்துவிட்டு லேசாகச் சிரித்தார்.

அதோடு வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. "எந்த டின்னை எண்டாலும் எடுங்கோ சேர். எல்லாம் ஒண்டுதான்" என்று சொன்னேன்.

அவர் பெட்டிக்குள்ளிருந்து வந்த டின்களில் ஒன்றை எடுத்து என் கையில் தந்தார். வெறுமையாய் இருக்கவேண்டிய டின், வாங்கும்போதே என் கையைக் கீழே இழுத்தது. பாரம். ஜெல் பவுடர் டின் நிரம்பியிருந்தாலும் ஒற்றைக் கையில் தூக்கலாம். இது சீனி டின் மாதிரிக் கனத்தது. மேலே ஜெல் பவுடர் என்று ஒட்டியிருந்த பெயர் என் கையெழுத்தில் இருந்தது.

நான் கம்பிக் கதவுப் பக்கம் பார்த்தேன். தம்பி என்னைப் பார்க்கவில்லை. தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு கரண்டி எடுத்துத் தண்ணீரில் போட்டேன். அது மிதக்கவில்லை, கலங்கவில்லை. நேராக அடிக்குப் போய்க் கரைந்தது. கரையக் கரையக் கோப்பை என் உள்ளங்கைக்குள் குளிர்ந்துகொண்டே வந்தது. ஆய்வுகூடத்தில் எத்தனை வருசம் எத்தனை உப்பைக் கரைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டியிருப்பேன். அது எந்த இனத்து உப்பு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெயரைச் சொல்லமாட்டேன். முகத்துக்குப் பூசுகிற சாமான் இல்லை, வெடிக்க வைக்கிற சாமான் என்பது போதும்.

பாவி, என் அலமாரிக்குப் பக்கத்திலா கொண்டுவந்து வைத்தாய் என்று நெஞ்சுக்குள் கத்தினேன். கரண்டியைத் துடைத்து மேசையில் வைத்தேன்.

"இது இறுகவில்லையே" என்றார் அதிகாரி. சிரிப்புப் போய்விட்டது.

"இறுகாது சேர். இது கால் ஊறவைக்கிற உப்பு. மணப்பெண்ணுக்குப் பாத வெடிப்புக்கு. பழைய டின்னிலை போட்டு வைச்சனான், பேரை மாத்த மறந்துபோனன்" என்றேன். அவர் விளங்காமல் பார்த்தார். நான் மாக்ரெட் அக்காவைப் பார்த்தேன். அவள் ஒரு கணம் தாமதித்து, நான் சொன்னதைச் சிங்களத்தில் சொன்னாள்.

"அப்படியென்றால் ஏன் மற்றதோடு வைக்காமல் தனியாகப் பெட்டியில் வைத்தாய்?"

அந்தக் குளிர்ந்த தண்ணீரை எடுத்து, முதல் கோப்பையில் இறுகி நின்ற ஜெல்லுக்குள் கொஞ்சம் ஊற்றிக் கிண்டினேன். கண்ணாடியாக நின்றது குழைந்தது, இளகியது, கடைசியில் மூக்குச்சளி மாதிரி ஒழுகியது. "இதுக்குத்தான் சேர். இது அதுக்கு ஆகாது. ரெண்டும் ஒண்டையொண்டு தொடக்கூடாது." நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. வாழ்க்கையில் அவ்வளவு உண்மையாக நான் பொய் சொன்னதில்லை.

அவர் நம்பின மாதிரியும் இருந்தது, நம்பாத மாதிரியும் இருந்தது. "கால் ஊறவைக்கிற உப்பென்றால் அதிலேயே கை கழுவு" என்றார். மிச்சத் தண்ணீரைக் கையில் ஊற்றி முழங்கைவரைக்கும் தேய்த்தேன். பிறகு அவர் மாக்ரெட் அக்கா பக்கம் திரும்பினார். "நோனா, இந்த உப்பு உங்கள் கடைக்கா போகிறது?"

தீர்த்தம் விட்டதற்கு என்னிடம் ஏச்சு வாங்கியவள் அவள். என் முன்னறைக்குள் ஒரு கல்லுப்புக்கூட வராது என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் இந்தக் கொழும்பில் இல்லை. ஜெல் இளகிய விதத்தையும் பார்த்தாள், என் முகத்தையும் பார்த்தாள். அவள் உதடு வெளுத்திருந்தது.

"ஓம் சேர்" என்றாள் சிங்களத்தில். "எனக்குத்தான். நான்தான் கொண்டுவரச் சொன்னேன்."

அதிகாரி எங்கள் மூன்று பேரின் பெயரையும் விலாசத்தையும் எழுதி வைத்துக்கொண்டு தம்பியை விட்டுவிட்டார். டின்களையும் எடுத்துக்கொண்டு போ என்றார். அந்தப் பாரமான டின்னைக் கைப்பைக்குள் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு நான் வெளியே வந்தேன்.

பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தோம். தம்பி கொஞ்சம் தள்ளிப் பின்னால் வந்தான். மாக்ரெட் அக்கா திடீரென்று நின்றாள்.

"உன் வீட்டுல உப்பு."

"எனக்குத் தெரியாது மாக்ரெட் அக்கா. பிள்ளையார் ஆணை, டின்னைத் தூக்கும்வரைக்கும் எனக்குத் தெரியாது."

"கேட்டதும் பதில் வந்துச்சே. கால் ஊற வைக்கிற உப்பாம். கண்ணு ஆடல, குரல் ஆடல. நானே நம்பியிருப்பேன்." அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "அருந்ததி, எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு. என் பேர அங்க எழுதி வச்சிருக்கான். இத்தன வருஷமா நீ என்கிட்ட சொன்னதுல எது நெசம், எது இப்படின்னு நான் எப்படிப் பிரிச்சுப் பாக்கிறது?"

"நான் என்ரை தம்பியைக் காப்பாத்தத்தானே."

"ஓம். என்னை வச்சுக் காப்பாத்தின" என்றாள். பஸ் வந்தது. அவள் மட்டும் ஏறி, எங்களைப் பாராமல் மற்றப் பக்கத்து யன்னலோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு சோதனைச்சாவடி. ஒன்றிலும் என் கைப்பையைத் திறக்கவில்லை. குனிந்து நடக்கும் நாற்பது வயதுப் பெண்ணின் பையில் என்ன இருக்கப்போகிறது என்று நினைத்திருப்பார்கள். தம்பியைச் சாப்பிட வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போனேன். டின்னைக் கவிழ்த்துத் தண்ணீரைத் திறந்துவிட்டு, கடைசித் தூள் கரைந்து குழாயில் இறங்கும்வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். தரை கால் விறைக்கக் குளிர்ந்தது.

அவன் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். மறக்காமல் கழுவினான்.

"அக்கா, அந்த டின் எங்கை?"

இதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. பயந்துபோனீங்களோ என்று கேட்கவில்லை. மாக்ரெட் அக்கா என்ன சொன்னா என்று கேட்கவில்லை.

"ஊத்திப்போட்டன்."

அவன் முகம் செத்துப்போனது. "என்ன வேலை செய்தனீங்கள்? இயக்கத்து ஆக்களுக்கு நான் என்ன பதில் சொல்லுறது? நாளைக்கு வந்து கேப்பாங்கள்."

"ஏன்ரா என்ரை வீட்டிலை? உனக்கு இந்தக் கொழும்பிலை வேறை இடமே கிடைக்கேலையே?"

"கொண்டுபோய் வை எண்டு சொன்னாங்கள். இல்லையெண்டு சொல்லுற ஆக்களே அவங்கள்?" என்றான். பிறகு சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல மெதுவாகச் சொன்னான். "இதைவிடப் பாதுகாப்பான இடம் எங்கை இருக்கு அக்கா? நீங்கள்தானே அந்தப் பெட்டியை ஒருத்தரையும் தொட விடமாட்டீங்கள். நீங்களே திறக்கமாட்டீங்கள்."

எது எதற்கு ஆகாது என்று அவன் ஒவ்வொன்றாகக் கேட்டது இதற்குத்தான். என் பக்கத்தில் உட்கார்ந்து, என் சோற்றைத் தின்றுகொண்டு, என் சட்டத்தைப் படித்திருக்கிறான். அவனை அடித்தேன். வாழ்நாளில் அவன்மேல் நான் கை வைத்தது அந்த ஒருமுறைதான். அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான், அழவில்லை. நான் அழுதேன்.

மறுநாள் வெள்ளனத் தன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எங்கே போகிறாய் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அவனுக்காகப் பொலிஸில் வைத்த என் கையெழுத்து அங்கேயே இருந்தது.

மாக்ரெட் அக்காவுக்குச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. அவன் போய்விட்டான், டின்னைக் கரைத்துவிட்டேன், இனிப் பயமில்லை, உங்களிடம் நான் சொன்னது எல்லாமே உண்மை என்று சொல்ல வேண்டும். காலி வீதியில் ரெலிபோன் எடுக்கிற கொமினிகேஷன் கடைக்குப் போய் அவள் கடை இலக்கத்தைச் சுழற்றினேன். ஒஸ்வால்ட் எடுத்தார்.

"மாக்ரெட் இல்லை" என்றார்.

"எப்ப வருவா?"

"தெரியாது."

அவர் ரிசீவரை உடனே வைக்கவில்லை. என்னை நினைக்கப் பாவமாக இருந்ததோ என்னவோ. அவருக்குப் பின்னால் கடைச் சத்தம் கேட்டது, காற்றாடி, வாளியில் தண்ணீர், ஒரு பிள்ளை எதையோ கேட்கிற குரல். அதற்குப் பதில் சொல்கிற குரலும் கேட்டது. அந்தக் குரல் எனக்குத் தெரியாதா.

"ஜெல் முடிஞ்சு போச்சு மகள்" என்றாள் மாக்ரெட் அக்கா. "இனிமே வராது."

போன கிழமைதான் பெரிய போத்தல் நிறையக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.